துறையறைக் கணிப்பொறியில் முப்பத்தாறு வீடுகள்

துறை மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பொறுப்பாசிரியர் கேட்கும்போதெல்லாம், சீறாப்புராணத்திலிருந்தோ சூஃபி மெய்ஞ்ஞானப் பாடல்களிலிருந்தோ ஒரு பொருளை எடுத்துக்கொண்டு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இளமுனைவர்ப் பட்டத்திற்கு ஆய்ந்த செய்திகள் கைவசம் இருப்பதால் அது எளிய பணி. இம்முறை அவ்வாறு எழுத மனம் ஒப்பவில்லை. எங்கள் துறையறையின் மூலையில் உறை போர்த்தி வைக்கப்பட்டிருக்கும் கணிப்பொறியைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. அதன்கண் ஒரு மென்பொருளை நான் நிறுவிய வரலாறும், நிறுவியதைக் காக்கத் தவறிய வரலாறும் இவண் கூறப்படுகின்றன. தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சான்றோர் எவரேனும் வினவுவராயின், அவ்வினாவைப் பன்முறை என்னிடமே நான் கேட்டுக்கொண்டவன் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

1998ஆம் ஆண்டில், வேறொரு கல்லூரியில் நான் இளங்கலை மாணவனாக இருந்தபோது, நண்பர்கள் சிலர் கூடிக் கையெழுத்து இதழ் ஒன்று நடத்தினோம். திங்களுக்கு ஒரே ஒரு படி. கையெழுத்து அழகாக வாய்த்தவன் எழுதுவான். ஓவியம் வல்லவன் அட்டை தீட்டுவான். எதுவும் வராத நான் பிழை திருத்துவேன். அது விடுதியில் அறை அறையாகச் சுற்றி வரும். கடைசிப் பக்கத்தில் படித்தவர்கள் தத்தம் கருத்தை எழுதிக் கையொப்பமிடுவர். ஒரு கவிதையின் கீழே 'இவ்விடத்தில் ஒற்று மிகாது' என்று எவரோ சிவப்பு மையால் எழுதிவிட, அதன் பொருட்டு இரண்டு நாள் உணவுக்கூடத்தில் வழக்கு நடந்தது. நான் இன்று தமிழ் கற்பிப்பவனாக இருப்பதற்கு அந்த வழக்கும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

2018ஆம் ஆண்டு சூன் திங்களில் எங்கள் துறையின் முதலாண்டு வகுப்பில் 36 பேர் சேர்ந்தனர். அவர்களிடம் கையெழுத்து இதழ் பற்றிக் கூறினேன். மரியாதையோடு கேட்டுக்கொண்டார்கள். "செல்பேசியிலேயே எழுதலாமே ஐயா, உலகம் முழுவதும் படிக்குமே" என்றார் ஒரு மாணவர். மாணவியர் பகுதியிலிருந்து ஒலியே எழவில்லை. வகுப்பு முடிந்தபின் மாணவி ஒருவர் தயங்கி நின்று, "உலகம் முழுவதும் படிப்பதாக இருந்தால் எங்கள் வீட்டில் விடமாட்டார்கள் ஐயா. எனக்கும் விருப்பமில்லை. இந்த வகுப்பு மட்டும் படித்தால் போதும்" என்றார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது. எழுத்து கணிப்பொறியில் இருக்க வேண்டும்; ஆயின் சுவருக்கு வெளியே செல்லலாகாது. இப்படியும் ஒன்று உண்டோ என்று கணிப்பொறி அறிவியல் துறையின் நண்பரிடம் கேட்டேன். "உண்டு, உங்கள் அறையிலேயே அமைத்துக்கொள்ளலாம்" என்றார் அவர்.

வலைப்பதிவு எழுத உலகெங்கும் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளை அவர் காட்டினார். அதன் பிறப்பு வரலாறு எனக்குச் சுவையாக இருந்தது. மிஷெல் வால்ட்ரிகி என்பவர் 'பி2' என்னும் மென்பொருளை எழுதிப் பின்பு அதனைத் தொடராது விட, மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் அதனை எடுத்து வளர்த்து, 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் என்னும் பெயரில் வெளியிட்டனர். எவரும் எடுத்துத் தொடரலாம் என்னும் பொது உரிமத்தில் அது வழங்கப்பட்டிருந்தமையால் இது கூடிற்று. உமறுப்புலவர் முற்றுப்பெறாது விட்ட சீறாவைப் பனீ அகமது மரைக்காயர் சின்னச் சீறாவாகத் தொடர்ந்தமை எனக்கு நினைவுக்கு வந்தது. நண்பரிடம் கூறினேன், அவர் இயற்பியல் படித்துக் கணிப்பொறிக்கு வந்தவர், தலையசைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

ஒருவர்க்கு ஒரு வலைப்பூ அமைப்பது எளிது. பலர்க்குத் தனித்தனியே அமைப்பதற்குப் 'பல்பயனர்' பதிப்பு என ஒன்று முன்பு தனியாக இருந்தது. 2010 சூன் திங்களில் வெளிவந்த 3.0 பதிப்பில் அது மூல மென்பொருளோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதன் அமைப்பை எங்கள் ஊர் வளவோடு ஒப்பிட்டால் விளங்கும். ஒரு சுற்றுச்சுவர், ஒரு தலைவாயில், ஒரு கிணறு. உள்ளே உடன்பிறந்தார் வீடுகள் தனித்தனியே, அடுப்பும் தனித்தனியே. மென்பொருள் என்னும் கிணறும், பயனர் பெயர்ப் பட்டியல் என்னும் தலைவாயிலும் எல்லார்க்கும் பொது. புதிதாக ஒரு வீடு திறக்கும்போது, அவ்வீட்டுக்கென்றே எழுத்துகள், கருத்துரைகள், பகுப்புகள் முதலியவற்றைக் காக்கப் பத்து அட்டவணைகள் தரவுத்தளத்தில் தாமாகவே தோன்றும். 36 மாணவர்க்கு 360 அட்டவணைகள். இவ்வளவும் ஒரு பழைய கணிப்பொறி தாங்குமா என்று அஞ்சினேன். தாங்கியது.

இணையத்தில் தொலைவிலுள்ள வழங்கிக் கணிப்பொறிகள் செய்யும் பணியை நம் மேசைக் கணிப்பொறியே செய்வதற்கு எக்ஸாம்ப் என்னும் தொகுப்பு உதவுகிறது. அதற்குள் மூவர் குடியிருக்கின்றனர். கேட்டவர்க்குப் பக்கத்தை எடுத்து நீட்டுகின்ற அப்பாச்சி ஒருவர். பக்கத்தைச் சமைக்கும் பிஎச்பி ஒருவர். எழுத்தையெல்லாம் உள்ளறையில் பூட்டிக் காக்கும் தரவுத்தளக்காரர் ஒருவர். மூன்றாமவர் பெயர் பலகையில் மைஎஸ்க்யூஎல் என்றிருக்கும். உண்மையில் உள்ளிருப்பவர் மரியாடிபி. இந்த மூன்றாமவரை அப்போது நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. அதன் விளைவைப் பின்னர்க் கூறுவேன்.

நிறுவும் பணி ஒரு மாலையில் முடியும் என்றார் நண்பர். எனக்கு மூன்று கிழமை ஆயிற்று. 'பல தளங்களுக்கு இசைவு தருக' என்னும் பொருள்பட ஒரு வரியை அமைவுக் கோப்பில் எழுத வேண்டும். நான் அவ்வரியை முதலில் கடிதம் எழுதும் மென்பொருளில் எழுதிப் பார்த்து, பிழையில்லை எனத் தெளிந்தபின் படியெடுத்து ஒட்டினேன். பக்கத்தின் தலையில் புரியாத எச்சரிக்கைகள் தோன்றினவே ஒழிய, தோன்ற வேண்டிய பட்டி தோன்றவில்லை. இரண்டு நாள் தேடியபின் தெரிந்தது, கடிதம் எழுதும் மென்பொருள் நேரான மேற்கோள் குறிகளை அழகுபடுத்தி வளைத்துவிட்டிருந்தது. வளைந்த குறி நமக்குக் குறி. பிஎச்பிக்கு அது வேறோர் எழுத்து. ஒற்றுப்பிழைக்கு அரை மதிப்பெண் குறைக்கும் என்னைக் கடுமையானவர் என்று மாணவர் கூறுவதுண்டு. இந்தத் தேர்வாளரோடு ஒப்பிட்டால் நான் வள்ளல்.

குறியை நேராக்கியதும் பட்டி வந்தது. உடனே மறுப்பும் வந்தது. கணிப்பொறிக்குள் வந்து போவார்க்கு எண்ணிட்ட வாயில்கள் உண்டு. வலைப்பக்கம் கேட்பார்க்கு உரியது 80ஆம் வாயில். அவ்வாயிலில் முன்பே ஏதோ தேவைக்கு நிறுவப்பட்ட மற்றொரு மென்பொருள் அமர்ந்திருந்ததால், நான் அப்பாச்சியை 8080ஆம் வாயிலுக்கு மாற்றி வைத்திருந்தேன். தனி வலைப்பூவுக்கு அதனால் குறையில்லை. ஆனால் அந்நாளைய பதிப்பில், முகவரியில் இத்தகைய வாயில் எண் இருந்தால் பல தளங்களை அமைக்க இயலாது. பழைய மென்பொருளை எழுப்பி அனுப்பிவிட்டு, முதலிலிருந்து மீண்டும் நிறுவினேன்.

இரண்டாம் முறை எல்லாம் சரியாக வந்தது. மகிழ்ந்து, அடுத்த அறையான மொழி ஆய்வகத்தில் கம்பியால் இணைக்கப்பட்டிருந்த 12 கணிப்பொறிகளிலிருந்தும் மாணவரைத் திறக்கச் சொன்னேன். ஒன்றிலும் திறக்கவில்லை. காரணம் அறிந்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. நான் தளத்திற்கு இட்டிருந்த முகவரி 'லோக்கல்ஹோஸ்ட்'. 127.0.0.1 என்னும் எண்ணுக்குரிய பெயர் அது. அதன் பொருள் 'இந்தக் கணிப்பொறி' என்பது. இலக்கணம் பயின்றார்க்கு எளிதில் விளங்கும்படிச் சொன்னால், அது தன்மை ஒருமைப் பெயர். 'நான்' என்னும் சொல்லை அவரவர் சொல்லும்போது அவரவரையே குறிக்கும் அல்லவா? என் கணிப்பொறி 'நான்' என்றால் என் கணிப்பொறி. அடுத்த அறைக் கணிப்பொறி அதே முகவரியைச் சொன்னால், அது தன்னையே தேடிப் பார்த்து, தன்னிடம் ஒன்றுமில்லை என்று கூறிவிடும். தன்மைப் பெயரை நீக்கிவிட்டு, எவர் சொன்னாலும் ஒன்றையே சுட்டும் இயற்பெயர் ஒன்றை வைக்க வேண்டியதாயிற்று. 'டெஸ்ட்' என்று முடியும் பெயர்கள் இணையத்தில் எவர்க்கும் வழங்கப்படாமல், இத்தகைய சோதனைகளுக்கென்றே 1999இல் ஒதுக்கப்பட்டவை. எனவே 'தமிழ்த்துறை.டெஸ்ட்' என்று ரோமன் எழுத்தில் பெயரிட்டேன். அப்பெயர் எங்கள் அறைக் கணிப்பொறியின் எண்ணைக் குறிக்கும் என்று 12 கணிப்பொறிகளிலும் 'ஹோஸ்ட்ஸ்' என்னும் கோப்பில் ஒவ்வொரு வரி எழுதினோம். ஒவ்வொரு மாணவர்க்கும் தனி முன்பெயர் வேண்டுமென்றால் 12 கணிப்பொறியிலும் 36 வரி எழுத வேண்டும். ஆகவே முகவரியின் பின்னே சாய்கோடு இட்டு மாணவர் பெயர் வருமாறு அமைத்தேன். மூன்றாம் முறை நிறுவியது நிலைத்தது.

பெயர் சூட்டுவதிலும் இடர் இருந்தது. பயனர் பெயர் சிறிய ரோமன் எழுத்தும் எண்ணுமாகவே இருக்க வேண்டும். நான்கு எழுத்துக்குக் குறையலாகாது. ஒரு மாணவரின் பெயர் ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. "என் பெயரில் என்ன குறை ஐயா?" என்று அவர் கேட்டார். ஊர்ப் பெயரின் முதலெழுத்தைக் கூட்டிச் சரிசெய்தோம். அவர் முகம் சரியாகச் சில நாள் சென்றன. ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு மின்னஞ்சல் முகவரி வேண்டும் என்றது மென்பொருள். ஆனால் வெளியுலகத் தொடர்பில்லாத எங்கள் கணிப்பொறி எவர்க்கும் எந்த மடலையும் அனுப்ப இயலாது. கடவுச்சொற்களை நானே வைத்து, சீட்டில் எழுதி, உறையிலிட்டுக் கொடுத்தேன். முன்னர்க் குறிப்பிட்ட மாணவி உறையை வாங்கிக்கொண்டு, "இதை நான் மாற்றிக்கொள்ளலாமா ஐயா?" என்றார். மாற்றிக்கொள்ளலாம் என்றேன். "மாற்றிய பிறகும் நீங்கள் படிக்க முடியுமா?" என்றார். பொய் சொல்ல மனம் வரவில்லை. முழுத் தளத்திற்கும் தலைமை நிர்வாகி ஒருவர் உண்டு. அவர் எவர் வீட்டிற்குள்ளும் நுழையலாம். அவர் நானே என்றேன். அவர் சற்றே எண்ணிப் பார்த்து, "நீங்கள்தானே, பரவாயில்லை" என்றார். அந்தச் சொல்லின் கனம் அன்று எனக்குத் தெரியவில்லை.

முதலில் மாணவர்க்குப் 'பங்களிப்பாளர்' என்னும் தகுதியையே கொடுத்திருந்தேன். அத்தகுதியுடையார் எழுதலாம், வெளியிட இயலாது, ஆசிரியர் படித்து ஒப்புதல் தந்த பின்பே வெளிவரும். பிழை மலிந்த எழுத்து வெளிவரலாகாது என்னும் அக்கறையே காரணம். ஒரு திங்களில் ஒன்பது கட்டுரைகள் வந்தன. ஒன்பதும் தேர்வு விடைத்தாள் போன்றே இருந்தன. 'முன்னுரை', 'முடிவுரை' என்னும் தலைப்புகள்கூட இருந்தன. பின்பு ஒருநாள், நண்பரின் அறிவுரைப்படி, எல்லார்க்கும் தத்தம் வீட்டின் 'நிர்வாகி' என்னும் தகுதியைக் கொடுத்துவிட்டு, இனி நான் கருத்துரைப் பகுதியில் மட்டும் எழுதுவேன் என்று அறிவித்தேன். அடுத்த கிழமையே ஆய்வகத்தில் இடப்போட்டி ஏற்பட்டது. வெளிநாட்டில் பணிபுரியும் தந்தையார் ஒவ்வொரு முறையும் கொண்டுவரும் பெட்டியின் மணத்தைப் பற்றி ஒருவர் எழுதினார். மீன் ஏலக்கூடத்தின் கைவிரல் மொழியைப் பற்றி ஒருவர். என் வகுப்பு எப்போது சலிப்பூட்டும் என்பதைப் பற்றி ஒருவர். அதில் உண்மை இருந்தது. ஒற்றுப்பிழைகள் ஏராளம். கருத்துரையில் ஒருவர்க்கொருவர் திருத்தத் தொடங்கினர். 1998ஆம் ஆண்டின் சிவப்பு மை திரும்ப வந்தது.

அம்மாணவி தம் வீட்டில் முதலில் ஒன்றும் எழுதவில்லை. 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தம் பாட்டியாரிடம் ஒரு பழைய நோட்டு இருக்கிறதென்றும், அரபுத்தமிழில் எழுதப்பட்டிருப்பதால் வீட்டில் அவரைத் தவிர எவர்க்கும் படிக்க வராதென்றும் கூறி, அதைப் பற்றி எழுதலாமா என்று கேட்டார். எங்கள் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய வழக்கம் இன்றைய மாணவர் பலர்க்குச் செவிவழிச் செய்தியாகவே உள்ளது. அரபியில் இல்லாத ட, ண, ள, ழ, ப போன்ற ஒலிகளுக்கு, அரபு எழுத்துகளின்மீது புள்ளியும் குறியும் கூட்டி அவர்கள் எழுதினர். தமிழறிந்தார்க்கு எழுத்துப் புரியாது. அரபியறிந்தார்க்கு மொழி புரியாது. இரண்டும் அறிந்த நடுவிடத்தில் நின்றவர்க்கே அது திறக்கும். இக்காலத்தில் எழுத்துருவின் குறியேற்றம் மாறினால் கணிப்பொறியில் தமிழ் வெறுங்கிறுக்கலாகத் தோன்றுகிறதே, அது போன்றதுதான் இதுவும்.

மாலைதோறும் பாட்டியார் படிக்க, மாணவி துண்டுத் தாள்களில் தமிழில் எழுதிக்கொண்டு, மறுநாள் ஆய்வகத்தில் உள்ளிடுவார். தாலாட்டு இரண்டு, பிள்ளைக் காய்ச்சலுக்கான கைமருந்து, மணமகளுக்குச் சொல்லும் அறிவுரை, கடன் கொடுத்தவர் பட்டியல், இறந்துபோன குழந்தை ஒன்றின் பெயரும் நாளும். பாட்டியார் படிப்பதோடு நில்லாமல், இடையிடையே நோட்டில் இல்லாதவற்றையும் சொல்வாராம். அவற்றையும் எழுதினார் மாணவி. அதற்கு அவர் இட்ட தலைப்பு, 'என் உம்மம்மாவின் அரபுத்தமிழ் நோட்டு' என்பது. மென்பொருள் அத்தலைப்பிலிருந்தே பக்க முகவரியை ஆக்கும். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். முகவரிக்கு ஒதுக்கிய இடமோ 200 எழுத்து. ஆகவே இருபத்திரண்டு குறிக்கு மேல் நில்லாது. அவர் பக்கத்தின் முகவரி 'அரபுத்த' என்பதோடு அறுந்து நின்றது. "'மிழ்' எங்கே ஐயா போயிற்று?" என்று கேட்டார். காரணத்தை விளக்கினேன். சிரித்துக்கொண்டோம்.

அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த சில நாள்களில் அப்பாட்டியார் வஃபாத்தானார்.

2020 சனவரி 14ஆம் நாளோடு விண்டோஸ் 7க்கு அளிக்கப்பட்டுவந்த பாதுகாப்பு மேம்பாடுகள் நிறுத்தப்பட்டன. அதையொட்டித் துறைகளிலிருந்த கணிப்பொறிகளையெல்லாம் துடைத்துப் புதிய பதிப்பை நிறுவ ஏற்பாடாயிற்று. வேண்டியவற்றை முன்னரே படியெடுத்து வைத்துக்கொள்ளுமாறு எனக்குச் சொல்லப்பட்டது. நானும் எடுத்து வைத்தேன். வேர்ட்பிரஸ் இருந்த கோப்புறையை முழுமையாக, ஒன்றுக்கு இரண்டு முறை, இரண்டு பென் டிரைவ்களில் படியெடுத்தேன். பெரிய கோப்புறை, படியாக நெடுநேரம் ஆயிற்று. அந்நேரமெல்லாம் எவ்வளவு எழுதிவிட்டார்கள் என்று பெருமிதத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். பணியாளர் "துடைத்துவிடலாமா சார்?" என்று கேட்டபோது, "துடைக்கலாம்" என்று சொன்னவனும் நானே.

புதிய பதிப்பு வந்தது. எக்ஸாம்பை நிறுவினேன். கோப்புறையை அதன் இடத்தில் வைத்தேன். முகவரியைத் தட்டினேன். 'தரவுத்தளத்தோடு தொடர்பு கொள்வதில் பிழை' என்னும் பொருளுடைய ஒரே வரி வந்தது. மேற்கோள் குறிபோல் ஏதோ சிறு பிழை என்றே எண்ணினேன். நண்பரை அழைத்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "மைஎஸ்க்யூஎல்லின் டேட்டா கோப்புறையை எடுத்து வைத்தீர்களா சார்?" என்று கேட்டார். அது எங்கே இருந்தது என்று நான் அவரைக் கேட்டேன். அவர் விடை கூறாமல் நாற்காலியில் அமர்ந்தார்.

எழுத்துகள் நான் படியெடுத்த கோப்புறையில் இல்லவே இல்லை. அவை உள்ளறையில், நான் பொருட்டாக எண்ணாத அந்த மூன்றாமவரிடம், வேறொரு கோப்புறையில் இருந்தன. என்னிடமிருந்தது சமையற்கூடமும் பாத்திரங்களும் மட்டுமே. மீட்புக்கான மென்பொருள்களை நண்பர் நான்கு நாள் முயன்று பார்த்தார். பழைய இடத்தின்மீது புதிய பதிப்பு எழுதப்பட்டுவிட்டபடியால் பயனில்லை.

ஒன்று மட்டும் எஞ்சியிருந்தது; அதுவே எனக்குப் பெருந்துயர் தந்தது. மாணவர் ஏற்றிய படங்கள் தரவுத்தளத்தில் அல்லாமல், வீட்டுக்கு ஓர் எண்ணாகப் பிரித்து, கோப்புறையிலேயே வைக்கப்படுகின்றன. அவை முழுமையாக இருந்தன. மீன் ஏலக்கூடத்தின் படம் இருந்தது. அதைப் பற்றிய ஒரு சொல்லும் இல்லை. வெளிநாட்டுப் பெட்டியின் படம் இருந்தது. 14ஆம் எண்ணிட்ட கோப்புறையைத் திறந்தேன். நோட்டின் ஒரு பக்கம். அதன்மீது தாளைப் பிடித்துக்கொண்டிருக்கும் முதிய விரல்கள் இரண்டு. அப்படத்தை ஏற்றும்போது, 1500 கிலோபைட்டுக்கு மேற்பட்டது என்று மென்பொருள் மறுக்க, அவர் என்னிடம் வந்து சிறிதாக்கித் தரக் கேட்டது நினைவுக்கு வந்தது.

இரவு வீட்டில் உண்ண இயலவில்லை. வாப்பா காரணம் கேட்டார்கள். கடைத்தெருவில் நாற்பது ஆண்டு கடை வைத்திருந்தவர்கள் அவர்கள். கப்பலேறுவோரும் விமானமேறுவோரும் நகையையும் பணத்தையும் பத்திரத்தையும் அவர்களிடம் அமானிதமாகக் கொடுத்துச் செல்வதை இளமையில் கண்டிருக்கிறேன். கணிப்பொறிச் செய்தியை இயன்ற மட்டும் எளிமையாக்கிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அமானிதப் பொருளை வாங்கி வைத்தவன், எந்தப் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்று தெரியாமல் இருக்கலாமா தம்பி?" என்றார்கள். கடிந்து சொல்லவில்லை, உண்மையிலேயே வியந்து கேட்டார்கள். மூன்று கிழமை போராடி நிறுவினேனே என்று அதுவரை எனக்குள் இருந்த சிறு ஆறுதலும் அதோடு போயிற்று. நிறுவத் தெரிந்திருந்தது, எங்கே வைத்தேன் என்பது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் நின்றுகொண்டே சொன்னேன். பிழை என்னுடையது என்றும், கணிப்பொறியின்மீதோ துடைத்தவர்மீதோ குறையில்லை என்றும் சொன்னேன். 36 பேரில் 11 பேரிடம் கையால் எழுதிய படி இருந்தது. சிலர், "பரவாயில்லை ஐயா, வேறு எழுதுகிறோம்" என்றனர். ஒரு மாணவர் மட்டும், "அதே போல் வராது ஐயா" என்றார். அவர் சொன்னதே சரி. அம்மாணவி ஒன்றும் சொல்லவில்லை. துண்டுத் தாள்களை உள்ளிட்டு முடித்த அன்றே எறிந்துவிட்டதாகப் பின்பு தோழியர் வாயிலாக அறிந்தேன். நோட்டு வீட்டில் இருந்தது, படிப்பவர் இல்லை.

நண்பரின் உதவியோடு நான்காம் முறையாக நிறுவினேன். இம்முறை கிழமைதோறும் தரவுத்தளத்தை ஒரே கோப்பாக வெளியெடுத்து, கோப்புறையோடு சேர்த்து, ஒரு படியைத் துறைப் பீரோவிலும் மற்றொன்றை நூலகத்திலும் வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். அக்கோப்பை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, எழுத்துகள் உரியவாறு தமிழிலேயே தோன்றுகின்றனவா என்றும் பார்ப்போம். முதல் முறை பார்த்தபோது தமிழ் முழுவதும் வினாக்குறிகளாக வந்தது. குறியேற்றத்தைச் சரிசெய்யும் வாய்ப்புக் கிடைத்தது. பருவத்திற்கு ஒருமுறை எல்லாவற்றையும் தாளில் அச்சிட்டுக் கட்டி வைக்கிறோம். இப்பணி தொடங்கிய இரண்டாம் திங்களிலேயே, 2020 மார்ச்சில், ஊரடங்கு வந்து கல்லூரி மூடப்பட்டது. ஆய்வகமும் இருண்டது.

இறுதியாண்டு மாணவர்க்கு அவ்வாண்டு திசம்பரில் வகுப்புகள் மீண்டும் தொடங்கின. முதல் கிழமையிலேயே அம்மாணவி துறையறைக்கு வந்தார். துணியில் சுற்றிய நோட்டைப் பிரித்து என் மேசைமேல் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான் படித்தார், ஆனால் தடையில்லை. மதரஸாவில் ஓதிய அரபு எழுத்துகள் முன்பே தெரியும்; கூடுதல் குறிகள் மட்டுமே தடை. ஊரடங்கு நாள்களில், முன்பு பாட்டியார் சொல்லத் தமக்கு நினைவிலிருந்த தாலாட்டு வரிகளை நோட்டின் வரிகளோடு ஒப்பிட்டு, எந்தக் குறி 'ட', எந்தக் குறி 'ழ' என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்திருக்கிறார். எட்டுத் திங்கள். நான் கற்பித்தது அதில் ஒன்றுமில்லை.

மீண்டும் ஆய்வகத்தில் அமர்ந்து முழு நோட்டையும் உள்ளிட்டார். இடையே ஓர் அரபுச் சொல்லை அரபியிலேயே எழுதினால், வலமிருந்து இடமாகச் செல்லும் அச்சொல்லின் அருகே முற்றுப்புள்ளி இடம் மாறி நின்று அவரை வருத்தியது. அதற்கும் வழி கண்டார். தாளில் அச்சிடுமுன் நான் படித்துப் பார்த்தேன். ஒன்பது இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பு இருந்தது. காய்ச்சல் மருந்துப் பகுதியில் இருந்தது இது: (இவ்விடத்தில் உம்மம்மா படிப்பதை நிறுத்திச் சிரித்தார்கள். நோட்டில் இல்லாத ஒன்றைச் சொன்னார்கள். முன்பு எழுதியிருந்தேன். இப்போது நினைவில்லை.)

"அச்சில் இவை வேண்டுமா ஐயா, எடுத்துவிடட்டுமா?" என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

இம்முறை தலைப்பைச் சுருக்கி, 'உம்மம்மா நோட்டு' என்று வைத்திருந்தார். முகவரியில் அது முழுமையாக நின்றது.